உப்பை மாற்றினீர்கள், சரி. அளவை?

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் ஒருவர் போன வாரம் ஆலோசனைக்கு வந்திருந்தார். புத்தாண்டிலிருந்து ஆரோக்கியமாகச் சமைப்பது என்று தீர்மானமாம். அதனால் சாதாரண உப்பை நிறுத்திவிட்டு இந்துப்புக்கு மாறிவிட்டார்கள். "நல்ல உப்புதானே மேடம்" என்று தாராளமாகவே போடுகிறார்களாம். அழுத்தம் இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் இந்தச் சமயத்தில் இதே கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

இந்துப்பும் உப்புதான். அந்த இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணம் மிகக் குறைந்த அளவில் இருக்கும் இரும்பு போன்ற தாதுக்கள். மற்றபடி கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைடு. "அதில் நிறைய மினரல் இருக்கிறதே" என்பார்கள். அந்த மினரல் உடம்புக்குப் பயன்படும் அளவு கிடைக்க வேண்டுமென்றால் நீங்கள் சாப்பிட வேண்டிய உப்பே உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும். போதாததற்கு, பெரும்பாலும் அதில் அயோடினும் சேர்ப்பதில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்த நிற உப்பு என்று அது பிரித்துச் சொல்லவில்லை. நான்கு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் மாதத்துக்கு 600 கிராம்தான் உச்ச வரம்பு, பாக்கெட் தின்பண்டத்திலும் வெளிச் சாப்பாட்டிலும் வருவதையும் சேர்த்து. உங்கள் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாளில் தீர்கிறது?

தேனும் இதே வகைதான். வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டேன், தேன் மட்டும்தான் என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் எத்தனை ஸ்பூன் என்று கேட்டால் பதில் வராது. தேன், பழுப்புச் சர்க்கரை, பழச்சாறு எல்லாமே சர்க்கரைக் கணக்கில்தான் சேரும். எண்ணெய்க்கும் அப்படியே. கொழுப்பின் வகை எண்ணெய்க்கு எண்ணெய் மாறும், அது முக்கியமும்கூட. ஆனால் எந்த எண்ணெயானாலும் ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் 120 கலோரி.

அடுத்தது ஆர்கானிக். இங்கேதான் நல்ல மனிதர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆர்கானிக் என்பது பயிர் எப்படி விளைந்தது என்பதைச் சொல்கிறது. நியாய வணிக முத்திரை, விளைவித்தவருக்குக் கிடைக்கும் விலையையும் வேலைச் சூழலையும் பற்றியது. இரண்டுமே மதிக்க வேண்டியவை, கைக்கு எட்டினால் வாங்குங்கள். ஆனால் அதன் பலன் விவசாயிக்கும் மண்ணுக்கும். உங்கள் ரத்தச் சர்க்கரைக்கு அதில் பங்கில்லை. ஆர்கானிக் பிஸ்கட்டும் பிஸ்கட்தான். "நல்ல பொருள்தானே" என்று இரண்டு கூடுதலாகச் சாப்பிடுபவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

நியாயமாக வாங்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைப்பவர்கள் முதலில் தங்கள் குப்பைக்கூடையைப் பார்க்கட்டும். 2022இல் உலகம் முழுவதும் கடை, உணவகம், வீடு மூன்றிலும் சேர்த்துச் சுமார் 105 கோடி டன் உணவு வீணானது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டது. அதில் ஏறக்குறைய 60 சதவீதம் வீடுகளில். தீர்மானம் எடுத்த உற்சாகத்தில் பை நிறையக் காய்கறி வாங்கி, வெட்ட நேரமில்லாமல் வார இறுதியில் அழுகிப்போய் வீசினால் அதில் ஆரோக்கியமும் இல்லை, அறமும் இல்லை. பிரிட்ஜைத் திறந்து பார்க்காமல் கடைக்குக் கிளம்பாதீர்கள், அவ்வளவுதான்.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ, இருபத்திரண்டாம் நாள் சோர்ந்துபோய் என்னிடம் வருகிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் பார்த்தபோது சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. ஆகவே ஒரு விருந்தில் கட்டுப்பாடு போய்விட்டால் "எல்லாம் போச்சு" என்று விட்டுவிடாதீர்கள். மறுவேளையிலிருந்து தொடருங்கள்.

இன்னொன்று. தீர்மானம் எடுத்தவரும் அடுப்படியில் நிற்பவரும் ஒரே ஆள்தானா? நான் பார்க்கும் பல வீடுகளில் இல்லை. அப்பா தீர்மானம் எடுப்பார், அம்மா அதைச் சமைக்க வேண்டும், ருசி இல்லை என்ற பேச்சையும் அவரே வாங்கிக்கொள்ள வேண்டும். இது ஒரு மாதம்கூடத் தாங்காது. சமைப்பவரையும் கூட்டிக்கொண்டு ஆலோசனைக்கு வாருங்கள். இல்லாவிட்டால் நீங்களே கரண்டியைப் பிடியுங்கள்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல் ஸ்பூனில் அளந்து ஊற்றுங்கள். உப்பைக் கையால் அள்ளிப் போடாதீர்கள், ஒரே ஸ்பூனை டப்பாவிலேயே வையுங்கள். ஒரேயடியாகப் பாதியாக்க வேண்டாம், சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரம், அதைப் படிக்க வேண்டாம். பின்பக்கம் திருப்புங்கள். எது அதிகமோ அதுதான் பொருள் பட்டியலில் முதலில் இருக்கும். சோடியம் என்று போட்டிருந்தால் 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும்.

இது மட்டும் கெஞ்சிக் கேட்பது: சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பலருக்கு அது நல்ல மாற்றுதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில வகை ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். டாக்டரைக் கேட்காமல் தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.

அடுத்த முறை வரும்போது என்ன பிராண்ட் வாங்குகிறீர்கள் என்று சொல்ல வேண்டாம். வீட்டில் எத்தனை பேர், மாதத்துக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சர்க்கரை தீர்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.