பணச்சலவை: மணி லாண்டரிங்குக்குத் தமிழில் என்ன சொல்?

அமலாக்கத் துறை எங்காவது சோதனை நடத்தினால், மறுநாள் செய்தியில் 'பணமோசடி வழக்கு' என்று போடுகிறார்கள். மூலச்சொல் மணி லாண்டரிங். மோசடி என்றால் ஏமாற்றிப் பறிப்பது. லாண்டரிங் அதற்குப் பிறகு நடப்பது: குற்றத்தில் வந்த பணத்துக்கு நேர்மையான பூர்வீகம் ஒன்றை உண்டாக்கித் தருவது. அந்தப் பணம் லஞ்சத்தில் வந்திருக்கலாம், போதைப்பொருளில் வந்திருக்கலாம். 'சட்டவிரோதப் பணப் பரிமாற்றம்' கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் இதில் பல பரிமாற்றங்கள் வங்கி வழியாக, ரசீதோடுதான் நடக்கின்றன. இலங்கையில் வழங்கும் 'பணம் தூயதாக்கல்' பொருளுக்கு நெருக்கமானது. நான் பணச்சலவை என்றே எழுதுவேன்.

சிகாகோ தாதா அல் கபோன் சலவைக் கடைகள் நடத்தியதால் வந்த பெயர் என்பார்கள். அதற்குச் சான்று இல்லை. 1973 வாக்கில், அமெரிக்க அதிபர் நிக்சனைச் சிக்கவைத்த வாட்டர்கேட் ஊழல் பற்றிய செய்திகளில்தான் இச்சொல் பரவியது. 1986-ல் அமெரிக்கா இதைத் தனிக் குற்றமாக்கியது.

சலவைக்கு மூன்று கட்டம் சொல்வார்கள்: நுழைத்தல் (குற்றப் பணத்தை நிதிப் புழக்கத்துக்குள் கொண்டுவருவது), சுழற்றல் (வந்த வழி தெரியாதபடி கைமாற்றுவது), கலத்தல் (நேர்மையான சொத்தாகச் சேர்த்துக்கொள்வது).

நுழைத்தலுக்கு கனடாவின் வான்கூவர் பகுதிச் சூதாட்ட விடுதிகளைப் பார்க்கலாம். ரப்பர் பேண்டு போட்ட 20 டாலர் கட்டுகள் விளையாட்டுப் பைகளில் வந்து இறங்கின. 2014-ல் மட்டும், ஒரு தடவைக்கு 10,000 டாலருக்குக் குறையாத ரொக்கமாக வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண விடுதிகள் வாங்கியது ஏறத்தாழ 120 கோடி டாலர் என்றது, இதை ஆராய்ந்த கலன் விசாரணை ஆணையம். கொண்டுவந்தவர்களில் பலர் உண்மையான பணக்கார ஆட்டக்காரர்கள். கள்ளப் பணத்தை அவர்களுக்குக் கடனாகக் கொடுத்தவர்கள், சீனாவில் உள்ள கணக்குகளில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆகவே மேசையில் யார் ஜெயித்தாலும் தோற்றாலும் சலவைக்காரருக்கு நஷ்டமில்லை.

சுழற்றலுக்கு ஏற்றுமதி, இறக்குமதி வசதியானது. பத்து ரூபாய்ச் சரக்குக்கு நூறு ரூபாய் பில் போட்டால் மிச்சத் தொண்ணூறு 'வியாபாரப் பண'மாக எல்லை தாண்டிவிடும். சந்தை விலையோடு பில்லை ஒப்பிட்டால்தான் பிடிபடும். கலத்தல் பெரும்பாலும் நிலத்திலும் கட்டடத்திலும். வருமானமே காட்டாதவர் பெயரில் மாளிகை இருந்தால் அங்கே தோண்டலாம்.

மூன்றும் முடிந்தால்தான் குற்றம் என்றில்லை. கலத்தல்வரை போகாமல், குற்றப் பணத்தை மறைப்பதோ கையில் வைத்திருப்பதோகூட 2002-ம் ஆண்டுப் பணச்சலவைத் தடுப்புச் சட்டப்படி குற்றமே என்று 2022-ல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.