புது பிளக்கையும் அளந்துதான் மாட்ட வேண்டும்

கொஞ்ச நாள் முன்பு ஒரு பழைய கார்பரேட்டர் கார் பட்டறைக்கு வந்தது. ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது) சீராக ஓடுகிறது, மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மட்டும் திணறுகிறது. கார்பரேட்டரை இரண்டு முறை பிரித்துக் கழுவியாயிற்று என்றார் உரிமையாளர். "ஸ்பார்க் பிளக் புதுசுதாங்க, அதுல ஒண்ணும் இருக்காது" என்றும் சொன்னார். கழற்றி அளந்தேன். நான்கிலும் கேப், அதாவது பொறி தாவும் இரண்டு உலோக முனைகளுக்கு (எலக்ட்ரோடுகளுக்கு) நடுவே உள்ள இடைவெளி, 1.1 மி.மீ. பாயின்ட் (பொறி வரவைக்கக் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் பழைய வகை சுவிட்ச்) வைத்த அந்த எஞ்சினுக்குக் கையேட்டில் இருப்பது 0.65.

மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அப்போது அதே இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டும். வோல்டேஜை உயர்த்தித் தரும் பழைய காயிலால் அவ்வளவு கொடுக்க முடியாது. அப்படியே ஓட்டினால் கரண்டைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டார், அதன் மூடி, பிளக் வயர் என்று எங்கே இன்சுலேஷன் பலவீனமோ அங்கே கரண்ட் தாவத் தொடங்கும். கேப்பைக் குறைத்ததும் வண்டி மேட்டில் திணறாமல் ஏறியது.

ஒரே பிளக் பல எஞ்சின்களுக்குப் பொருந்தும். ஆகவே பெட்டியில் வரும் கேப் உங்கள் வண்டிக்கானது என்று நம்பாதீர்கள். பாயின்ட் உள்ள வண்டிகளுக்குப் பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மி.மீ. வரை இருக்கும். கையேட்டு அளவே கடைசி வார்த்தை. ரொம்பக் குறுக்கினாலும் பொறி சிறுத்து ஐடில் கெடும்.

அளக்கக் கம்பி கேஜ் வைத்துக்கொள்ளுங்கள். ஓடிய பிளக்கின் பக்க எலக்ட்ரோடில் குழி விழுந்திருக்கும். தட்டையான ஃபீலர் கேஜ் அந்தக் குழியின் மேலேயே நின்றுவிடும், உண்மையான கேப் தெரியாது. கம்பி லேசாக உரசிக்கொண்டு போனால் சரி. வளைப்பது பக்க எலக்ட்ரோடை மட்டும்தான். நடு எலக்ட்ரோடில் எதையும் முட்டுக்கொடுத்து நெம்பாதீர்கள், பீங்கான் விரிசல் விடும். இரிடியம் பிளக்கின் நுனி ஊசி போல மெல்லியது, அதில் கைவைக்காமல் சரியான கேப்போடு வருவதையே வாங்குங்கள்.

வாங்கும்போது ஹீட் ரேஞ்சில்தான் (பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்ற அளவு) பலர் ஏமாறுகிறார்கள். என்ஜிகே, டென்சோவில் எண் ஏற ஏற பிளக் 'கோல்ட்' ஆகும், அதாவது சூட்டை வேகமாக வெளியேற்றும். பாஷ், சாம்பியனில் எண் ஏறினால் 'ஹாட்', சூட்டை மெதுவாகத்தான் விடும். எண்ணை மட்டும் பார்த்து பிராண்ட் மாற்றினால் ஒன்று கரி பிடிக்கும், இல்லையென்றால் சூடேறி பிஸ்டனையே பதம் பார்க்கும். த்ரெட் (மரை) நீளத்தையும் பழையதோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். 12.7 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 19 போட்டால் பிஸ்டனில் இடிக்கலாம்.

அலுமினிய சிலிண்டர் ஹெட் என்றால் எஞ்சின் ஆறிய பிறகே கழற்றுங்கள். முதல் சில சுற்றுகளைக் கையால்தான் ஏற்ற வேண்டும். ஸ்பேனரை முதலிலேயே போட்டு த்ரெட்டைக் கெடுத்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும். வாஷர் வைத்த புது பிளக்கைக் கையால் உட்காரவைத்த பின் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல் முடுக்கினால் போதும்.

கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் தேர்வு சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் கலவையைப் பார்க்க வேண்டும், வெளுத்துக் கொப்புளம் தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.