டிஓ ஏறினால் நல்ல செய்தியா?

"சார், ரிப்போர்ட் எல்லாம் இப்ப ஏஐயே எழுதிடுது. எங்களுக்கு வேலை இருக்குமா?"

எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல் கடைசி வருடம் படிக்கும் பெண் போன மாதம் கேட்டாள். ரிப்போர்ட் எழுதுவதுதான் வேலை என்று நினைத்தால் இருக்காதும்மா என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிப் போனது. அவசரப்பட்டு விட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றது திருப்பூரில். பாசனத்துக்கென்று 1992-இல் நொய்யலில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போன கதை எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற ஏற்பாடு முழுதாக வந்த பிறகுதான் பட்டறைகள் மறுபடி ஓடின. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சாயத்தண்ணீரை முதலில் பாக்டீரியா தின்கிறது, அடுத்து ஆர்ஓ வடிகட்டுகிறது, மிச்சத்தை ஆவியாக்கி உப்பை எடுக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சென்சார் இருக்கிறது. ஏஐ நுழைய இதைவிட வசதியான இடம் கிடைக்காது. நுழைந்தும் விட்டது.

நான் ஆலோசனைக்குப் போய்வரும் ஒரு நிலையத்தில் ஏரேஷன் டேங்கை இப்போது மென்பொருள்தான் பார்த்துக்கொள்கிறது. அந்த டேங்கில் பாக்டீரியாவுக்குக் காற்று ஊத வேண்டும். ப்ளோயர் தின்னும் கரண்ட் கொஞ்சநஞ்சமல்ல. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன், அதாவது டிஓ, லிட்டருக்கு 2 மில்லிகிராம் பக்கத்தில் இருந்தால் போதும். முன்பெல்லாம் ஆபரேட்டர் பயந்துகொண்டு ப்ளோயரை முழு வேகத்தில் விட்டுவிடுவார். மென்பொருள் டிஓவைப் பார்க்கிறது, அடுத்த சில மணி நேரத்துக்கு எவ்வளவு கழிவு வரும் என்று கணிக்கிறது, அதற்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. கரண்ட் பில் நிஜமாகவே இறங்கியது. அதை நான் மறுக்க மாட்டேன்.

ஒரு ராத்திரி டிஓ 2-இல் இருந்து ஏறி 5-ஐத் தொட்டது. ஆக்சிஜன் மிஞ்சுகிறது, ஆகவே கழிவு குறைவாக வருகிறது என்று முடிவு கட்டி மென்பொருள் ப்ளோயரைக் குறைத்தது. திரையில் எல்லாம் பச்சை. அதிகாலை மூன்று மணிக்கு ஷிப்ட் ஆபரேட்டர் போன் அடித்தார். ஐடிஐ படித்தவர், இந்த டேங்கு மேட்டிலேயே இருபது வருஷம் நடந்தவர். "சார், வெள்ளை நுரையாப் பொங்குதுங்க. மண் வாசமே இல்லீங்க" என்றார்.

டேங்கில் பாக்டீரியா கூடி வாழும் பழுப்புச் சேற்றைத்தான் ஸ்லட்ஜ் என்போம். நல்ல ஸ்லட்ஜில் மழை பெய்த மண்ணின் வாசம் வரும். அது போய்விட்டது என்றால் ஏதோ நடந்திருக்கிறது. காலையில் போய் ஒரு லிட்டர் சிலிண்டரில் டேங்குத் தண்ணீரைப் பிடித்து வைத்தேன். அரை மணி நேரத்தில் பழுப்பு ஸ்லட்ஜ் அடியில் உட்கார்ந்து மேலே தெளிந்த தண்ணீர் நிற்க வேண்டும். அன்றைக்கு மேலேயும் கலங்கல், கீழேயும் கலங்கல். மைக்ரோஸ்கோப்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால், தண்டில் மணி கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஆடிக்கொண்டிருக்கும் வோர்டிசெல்லா என்ற நுண்ணுயிர் ஒன்றுகூட அசையவில்லை.

டிஓ ஏற இரண்டு காரணம் உண்டு. சாப்பாடு வரவில்லை, அல்லது சாப்பிடுகிறவன் செத்துவிட்டான். ஏதோ ஒரு பட்டறையில் பிளீச்சிங் செய்த பெராக்ஸைடு தண்ணீரை வீரியம் முறிக்காமல் அப்படியே திறந்துவிட்டிருக்கிறார்கள். பெராக்ஸைடு பாக்டீரியாவைக் கொல்லும்; சிதையும்போது ஆக்சிஜனையும் விடும். மீட்டர் இரட்டிப்பு சந்தோஷத்தில் ஏறியிருக்கிறது. உள்ளே வரும் தண்ணீரை நிறுத்தி, பக்கத்து நிலையத்திலிருந்து டேங்கர் லாரியில் உயிருள்ள ஸ்லட்ஜ் வாங்கி ஊற்றி, சாணி கரைத்து விட்டு, டேங்கு பழைய நிலைக்கு வர மூன்று வாரம் ஆனது. ஆர்ஓ மெம்பரேன் வரைக்கும் அந்தத் தண்ணீர் போயிருந்தால் செலவு லட்சங்களில் நின்றிருக்காது.

அப்புறம் மென்பொருளில் ஒரு விதி சேர்த்தோம். ஷிப்டுக்கு ஒரு தடவை சில நிமிஷம் காற்றை நிறுத்தி, டிஓ எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். உயிர் இருந்தால் சரசரவென்று இறங்கும். செத்திருந்தால் அப்படியே நிற்கும். பழைய பாடப்புத்தகச் சோதனைதான். மென்பொருள் எழுதிய பையன்களுக்கு இது தோன்றவில்லை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எனக்கு ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாது. இரண்டும் ஓரளவு தெரிந்த ஆள் எங்கள் பக்கத்தில் கிடைப்பதே இல்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல நினைத்தது இதைத்தான்: இங்கே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.

போகிற வேலைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆலை ஓட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அனுமதி கேட்கும் கன்சென்ட் விண்ணப்பம் நிரப்புவது, மாதாந்திர அறிக்கை தொகுப்பது, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் மண், மழை, மக்கள்தொகை என்று அத்தியாயம் அத்தியாயமாக அடுக்குவது எல்லாம் ஏஐ கைக்குப் போய்விட்டது. சிலருக்கு இதில் வருத்தம். எனக்கு அவ்வளவு இல்லை. மகாராஷ்டிரத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கான தாக்க அறிக்கையில் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கை அப்படியே ஒட்டப்பட்டிருந்தது, கொங்கணக் கடற்கரையில் ரஷ்ய மரங்களோடு! ஏஐ வருவதற்கு வெகு காலம் முந்தைய கதை இது. இனி ஒட்டுகிறவன் ரஷ்ய மரத்தை விட்டுவைக்க மாட்டான், வேம்பும் புளியுமாக மாற்றிவிடுவான். அதைக் கண்டுபிடிக்க அந்த நிலத்தில் நடந்தவர் வேண்டும்.

2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாசு அதிகமுள்ள 17 வகைத் தொழில்களுக்கு ஆன்லைன் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. அன்றிலிருந்து எண்கள் குவிகின்றன. கழிவுநீரில் எவ்வளவு அழுக்கு என்று காட்டும் சிஓடி அளவு நாள் முழுக்க நேர்கோடாக ஓடினால் நான் சந்தோஷப்பட மாட்டேன். சென்சார் கண்ணாடியில் பாசி படிந்திருக்கும், இல்லையென்றால் யாரோ அதை நல்ல தண்ணீர் வாளியில் போட்டிருப்பார்கள். பொய் எண்ணைக் கொடுத்தால் ஏஐ அதை வைத்து அழகாக ஆரூடம் சொல்லும். சட்டமும் இன்னும் மனிதக் கையைத்தான் கேட்கிறது. 1974 நீர்ச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, நீதிமன்றத்தில் சாம்பிள் செல்லுபடியாக வேண்டுமானால் அதை எடுக்கும்போதே ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னால் இரண்டு பங்காகப் பிரித்து, சீல் வைத்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

வேலை வரும் இடங்கள் என்று பார்த்தால், 2025-இல் வந்த சுற்றுச்சூழல் தணிக்கை விதிகள் பதிவுபெற்ற தணிக்கையாளர் என்று ஒரு தொழிலையே உருவாக்கியிருக்கின்றன. பெரிய 1,000 பங்குச்சந்தை நிறுவனங்கள் தண்ணீர், கழிவு, கார்பன் கணக்கு காட்ட வேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2022-23 முதல் கட்டாயப்படுத்தியது. சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூரில் தினமும் தலா 4.5 கோடி லிட்டர் சாக்கடைத் தண்ணீரைத் தொழிற்சாலைத் தண்ணீராக்கும் நிலையங்கள் இருக்கின்றன. ஏஐயை ஓட்டும் டேட்டா சென்டரைக் குளிர்விக்கவும் தண்ணீர் கேட்பார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வி கடைசியில் நம் மேஜைக்குத்தான் வரும்.

சம்பளம்? ஆரம்பத்தில் ஐடி பக்கத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் மனசு கசக்கும். ஆனால் என்னை உறுத்துவது வேறு. முன்பு அறிக்கை தொகுக்க நாலு புதியவர்களை எடுத்த ஆலோசனை நிறுவனங்கள் இப்போது ஒருவரை எடுக்கின்றன. அந்த நாலு பேரும் தப்பும் தவறுமாக எழுதித்தான் தொழில் கற்றார்கள். இனி எங்கே கற்பார்கள்? என்னிடம் பெரிய பதில் இல்லை. எங்கள் சின்ன அலுவலகத்தில் செய்வதைச் சொல்கிறேன்: புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஆறு மாதம் லேப்டாப் வேலை கிடையாது. நிலையத்தில் ஆபரேட்டரோடு ஷிப்ட் பார்க்க வேண்டும், சிலிண்டர் பிடிக்க வேண்டும், வாசம் பழக வேண்டும்.

அந்தப் பெண்ணையும் இதே நிபந்தனையோடு கூப்பிட்டேன். மறுநாள் அவளுடைய அப்பா பேசினார். "ஏனுங்க சார், எம்.இ. படிக்க வெச்சது சாக்கடை மேட்டுல நிக்கிறதுக்குங்களா?" ஆமாங்க, ஆறு மாசம் நிற்க வேண்டியிருக்கும், ராத்திரி ஷிப்டுக்கு வண்டி அனுப்புவோம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "பாப்பாகிட்டயே கேட்டுச் சொல்றனுங்க" என்று வைத்துவிட்டார். திங்கட்கிழமை காலை அவளே வந்து நின்றாள், மைக்ரோஸ்கோப் அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு.