ஐட்லிங்கில் வெள்ளைப் புகை: ஹெட்டை இறக்குவதற்கு முன்

பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும் ஓட்டுநர் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சுங்க." ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு. ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் சும்மா ஓடும்போது, வெள்ளையாகப் புகைகிறது, வழியில் யாரோ அப்படிச் சொல்லியிருப்பார்கள், இவரும் நம்பியிருப்பார். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். புகை என்ன வாசனை அடிக்கிறது?

அதை மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கறுப்புப் புகையில் இருப்பது கரி. வெள்ளைப் புகையில் இருப்பது கரி அல்ல, காற்றில் மிதக்கும் நுண்துளிகள். அந்தத் துளி தண்ணீரா, கூலன்டா (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), எரியாத டீசலா என்று தெரிந்துகொள்வதுதான் மொத்த வேலையும். நிறத்தை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மூக்குக்குத்தான் வித்தியாசம் தெரியும். அதற்காகச் சைலன்சர் வாயில் முகத்தை வைக்க வேண்டாம். இரண்டடி தள்ளி நின்று கையால் விசிறி முகர்ந்தால் போதும். மூடிய ஷெட்டுக்குள் இந்தச் சோதனையே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

வாசனையே இல்லாமல், சில அடி தூரத்திலேயே கரைந்து, சைலன்சர் சூடானதும் நின்றுவிடுகிறது என்றால் அது வெறும் நீராவி. ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குளிர்ந்த காலையில் அது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம்.

கண் எரிந்து, பச்சை டீசல் வாடை அடித்து, புகை கலையாமல் தாழ்வாகவே தொங்கினால் எரியாத டீசல். டீசல் பிக்கப்பில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஐட்லிங்கில் மட்டும் புகைந்து, ஆக்சிலேட்டரை மிதித்தால் குறைவதற்குக் காரணம் இருக்கிறது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் கிடையாது. காற்றை நெருக்கி வரும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். 3000 ஆர்பிஎம்மில் ஒரு கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக் 10 மில்லிசெகண்டில் முடிந்துவிடும். 800-இல் அதற்கு 37 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் காற்று பிஸ்டன் ரிங் வழியாகக் கசியும், சூடு சிலிண்டர் சுவரில் இறங்கும். நல்ல இன்ஜின் இதைத் தாங்கிக்கொள்ளும். கம்ப்ரெஷன் கொஞ்சம் இறங்கிய சிலிண்டரோ, தூவாமல் சொட்டுகிற நாசிலோ (டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனை) இருந்தால் அது முதலில் காட்டிக்கொடுப்பது ஐட்லிங்கில்தான்.

எந்தச் சிலிண்டர் என்று பிடிக்க எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, அரை நிமிடத்துக்குள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களிலிருந்து புகை வெளியேறும் குழாய்) ஒவ்வொரு கிளையிலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டுவேன். மூன்று கிளைகளில் சூடு ஏறிக்கொண்டே போகும், ஒன்று மட்டும் பின்தங்கி நிற்கும். அந்தச் சிலிண்டரில் டீசல் சரியாகப் பற்றவில்லை. அப்புறம் அந்த ஒன்றை மட்டும் துருவினால் போதும். முதலில், குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்: ஒயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் நல்ல பிளக் ஒரு ஓம் பக்கத்தில் காட்டும், போனது ஓபன் (இணைப்பு அறுந்தது) என்று காட்டும். ஹீட்டர் பிளக் மட்டும்தான் குறை என்றால் இன்ஜின் சூடானதும் புகை நிற்கும். சூடான பிறகும் புகைந்தால் நாசில் அல்லது கம்ப்ரெஷன். கையோடு டீசல் ஃபில்டர் அடியில் தேங்கிய தண்ணீரையும் வடித்துப் பார்த்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட் எல்லோருக்கும் தெரியும். மிஞ்சிய டீசல் திரும்பும் ரிட்டர்ன் பைப் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டில் மாட்டி, எது சீக்கிரம் நிறைகிறது என்று பார்ப்பது. ஆனால் அதில் தெரிவது இன்ஜெக்டரின் மேல்பக்கத் தேய்மானம்தான். நான்கு பாட்டிலும் சமமாக நின்றதாலேயே நாசில் முனை சொட்டவில்லை என்று ஆகிவிடாது. சந்தேகம் இருந்தால் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போடுவதுதான் சரி.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை லேசாகத் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் மிஸ்ஸிங் என்று பார்ப்போம். அந்தக் கைப்பழக்கத்தை, எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து (ரெயில்) டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் காட்டக் கூடாது. ஐட்லிங்கிலேயே ரெயிலில் சில நூறு பார் அழுத்தம் இருக்கும், லோடில் ஆயிரத்தைத் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலச் சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. அப்படி ஆனால் மருந்து போட்டுக் கட்டிவிட்டு வேலையைத் தொடராமல், உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும்.

மூன்றாவது, இனிப்பு கலந்த வாடை. அதாவது கூலன்ட். இந்தப் புகை அடர்த்தியாக இருக்கும், இன்ஜின் சூடான பிறகும் நிற்காது, எங்கேயும் ஒழுகாமலே கூலன்ட் டேங்கில் அளவு குறையும். இதற்குத்தான் எல்லோரும் ஹெட் கேஸ்கெட் என்கிறார்கள். நானும் அப்படிச் சொல்லி ஒரு தடவை மாட்டியிருக்கிறேன்.

நான்கு சிலிண்டர் டீசல் பிக்கப். இனிப்பு வாடை இருந்தது, கூலன்ட் குறைந்தது. வேறு எதையும் பார்க்காமல் ஹெட்டை இறக்கினேன். நான்கு பிஸ்டன் தலையிலும் ஒரே மாதிரி கரி. கூலன்ட் இறங்கும் சிலிண்டரின் பிஸ்டன் ஆவியில் கழுவியது போலப் பளிச்சென்று இருக்கும். அந்த அடையாளம் கண் எதிரே இல்லை. கேஸ்கெட்டிலும் எரிந்த தடம் இல்லை. இறக்கியாகிவிட்டதே என்று ஹெட்டை லேத்துக்கு அனுப்பி, புது கேஸ்கெட் போட்டு ஏற்றினேன். மூன்றாம் நாள் வண்டி அதே புகையோடு வந்து நின்றது. அப்போதுதான் இஜிஆர் பைப்பை, அதாவது எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் குழாயை, கழற்றினேன். உலர்ந்த கரி அப்பியிருக்க வேண்டிய குழாய், உள்ளே ஈரமாக, சில இடங்களில் உலோகம் தெரியும் அளவுக்குக் கழுவப்பட்டிருந்தது. அந்தப் புகையைக் கூலன்டால் ஆற்றும் இஜிஆர் கூலரைத் தனியே எடுத்து, ஒரு வாயை அடைத்து, இன்னொரு வாயில் காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் முக்கினால் குமிழி வரிசையாக வந்தது. முதலில் செய்திருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். ஹெட் வேலைக்கு நான் கூலி வாங்கவில்லை. வாங்கவும் முடியாது.

அதிலிருந்து என் வரிசை மாறிவிட்டது. இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து (சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்) கூலன்டில் ஆயில் படலம் இருக்கிறதா என்று பார்ப்பேன். மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடித்துப் பார்ப்பேன். இன்ஜின் சூடாவதற்கு முன்பே ஹோஸ் கல் மாதிரி விறைத்தால் சிலிண்டர் அழுத்தம் கூலன்டுக்குள் வருகிறது என்று அர்த்தம். பிறகு நீலத் திரவச் சோதனை. கூலன்ட் டேங்க் வாயில் வைத்து உள்ளிருக்கும் காற்றை இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்கும்போது திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். நிறம் மாறினால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல் பக்கம் சந்தேகம் வலுக்கும். நீலமாகவே நின்று, கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டிருந்தால் முதலில் இஜிஆர் கூலரைக் கழற்றுவேன்.

கூலன்ட் இறங்கும் வண்டி காலையில் செல்ஃப் அடித்ததும் 'டக்' என்று நின்றால் மறுபடி அடிக்காதீர்கள். ராத்திரியில் சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்திருக்கலாம். தண்ணீர் நெருங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு கையால் கிராங்கைச் சுற்றிப் பாருங்கள், எந்தத் துளையில் தண்ணீர் எகிறுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம், வடித்த கூலன்டைத் திறந்த தட்டில் விட்டுவைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், குழந்தையும் தொட்டுப் பார்க்கும். எத்திலீன் கிளைகால் கலந்த கூலன்ட் விஷம், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

வெள்ளையில் நீலம் ஓடி, எண்ணெய் கருகிய வாடை வந்தால் ஆயில். நெடுநேரம் ஐட்லிங்கில் விட்டால் கூடுகிறது என்றால் டர்போவின் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) ஆயில் ரிட்டர்ன் பைப் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் டர்போவைச் சந்தேகியுங்கள். டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டி தானாகச் சுத்தம் செய்துகொள்ளும்போது சற்று நேரம் வெண்புகை வரலாம். அது தானே நின்றால் விட்டுவிடலாம்.

ஒரு வேண்டுகோள். புகையைக் காட்ட வருகிறவர்கள் காலையில் ஸ்டார்ட் செய்து, பத்து கிலோமீட்டர் ஓட்டி, சூடான இன்ஜினோடு வந்து நிற்கிறார்கள். அதற்குள் நீராவி, ஹீட்டர் பிளக் புகை இரண்டும் போயிருக்கும். அரை நிமிடத் தெர்மாமீட்டர் சோதனையும் செய்ய முடியாது. முந்தைய நாள் மாலையே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போங்கள். காலையில் முதல் செல்ஃபை நானே அடித்துக்கொள்கிறேன்.