காய்ந்தபின் கருத்த சிவப்பு

சென்னை மெரினாவின் கலங்கரை விளக்கத்தை அக்ரிலிக் வண்ணத்தில் கேன்வாஸில் தீட்டிவரும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கோபுரத்தின் சிவப்புப் பட்டைக்குச் சரியாகப் பொருந்தும் சிவப்பைத்தான் தட்டில் கலந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் பட்டை கருத்திருக்கிறது. அதே கலவையால் திருத்தினால் வெளிறித் தெரிகிறது. கொஞ்சம் அடர்த்தியாகக் கலந்து திருத்தினால் காய்ந்தபின் அது இன்னும் கருக்கிறது. ஈரம் போனதற்கு இவ்வளவு மாற்றமா?"

ஈரம் போவது தொடக்கம் மட்டுமே. அதன் பிறகு நடப்பதுதான் இந்த வண்ணத்தின் உண்மையான அழகு.

அக்ரிலிக் வண்ணத்தில் மூன்று பொருள்கள் முக்கியமானவை: நிறத்தைத் தரும் நிறமித் துகள், நீர், அந்த நீரில் மிதக்கும் அக்ரிலிக் பாலிமர் மணிகள். இம்மணிகளின் விட்டம் ஏறத்தாழ 100 முதல் 500 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே சில நூறு மணிகளை வரிசையாக அடுக்கிவிடலாம். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி சோப்பைப் போன்ற மூலக்கூறுகள் அவற்றைச் சூழ்ந்து காக்கின்றன. பாலில் கொழுப்புத் துளிகள் மிதப்பதைப் போன்ற ஏற்பாடுதான் இது.

பூசிய வண்ணத்திலிருந்து நீர் ஆவியாக ஆவியாக, மணிகள் நெருங்கிவந்து ஒன்றையொன்று தொடுகின்றன. இடுக்குகளில் எஞ்சியிருக்கும் நீர் அப்போது உள்வளைந்த பரப்புகளாகி மணிகளை இறுக்கி இழுக்கிறது. கடற்கரையில் ஈரமணலில் வீடு கட்ட முடிவதும் காய்ந்த மணலில் முடியாமல் போவதும் இதே விசையால்தான். ஆனால் இங்கே இடுக்குகள் மிகமிகச் சிறியவை. இடுக்கு சிறியதாகும் அளவுக்கு அழுத்தம் கூடும் என்பதால், வளிமண்டல அழுத்தத்தைப் போல் பல மடங்கு அழுத்தத்தில் மணிகள் நசுங்குகின்றன. உருண்டையாக இருந்தவை தேனடையின் அறைகளைப் போல் இடைவெளியின்றிப் பொருந்திக்கொள்கின்றன. அதன்பின் ஒரு மணியின் நீண்ட பாலிமர் சங்கிலிகள் எல்லையைத் தாண்டிப் பக்கத்து மணிக்குள் ஊர்ந்து சென்று பின்னிக்கொள்கின்றன. எல்லைகள் மெல்ல அழிந்து, கோடிக்கணக்கான மணிகள் ஒரே படலமாகிவிடுகின்றன. பிறகு தண்ணீரை ஊற்றினாலும் அவை பிரிவதில்லை. எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து இறுகுவது; அக்ரிலிக்கோ இத்தகைய வேதிவினை ஏதுமின்றி, மணிகள் கலந்து ஒன்றாவதாலேயே இறுகுகிறது.

இனி நிறத்துக்கு வருவோம். கற்கண்டு தெளிவாக இருக்கிறது. அதைப் பொடித்தால் வெள்ளையாகிவிடுகிறது. ஒளி ஒவ்வொரு துகளின் எல்லையிலும் வளைந்து சிதறுவதே காரணம். வண்ணத்தில் நடப்பது இதன் தலைகீழ். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்வது அதன் ஒளிவிலகல் எண். நீருக்கு அது 1.33, அக்ரிலிக்குக்குச் சுமார் 1.49, ஆகவே ஈரமாக இருக்கும்வரை ஒவ்வொரு மணியின் விளிம்பிலும் ஒளி சிதறி, சிவப்பின் மேல் பால் கலந்ததுபோல் ஒரு வெண்மை படர்ந்திருக்கும். மணிகள் ஒன்றானதும் எல்லையும் இல்லை, சிதறலும் இல்லை. வெண்மை விலகி, நிறமியின் முழுச் சிவப்பு தெரிகிறது. சிவப்பு கருத்துவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அதன் மேலிருந்த வெண்திரைதான் விலகியிருக்கிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நிறமி சேர்க்காத அக்ரிலிக் மீடியத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவி, தகட்டைக் கறுப்புத் தாளின் மேல் வைத்தேன். முதலில் பால் சிந்தியதுபோல் இருந்தது. சற்று நேரத்தில் விளிம்பில் நூலளவு தெளிவு தோன்றி, நடுவை நோக்கி மெதுவாக நகர்ந்தது. நடுவில் கடைசியாக ஒரு பொட்டு வெண்மை மிஞ்சியிருந்து அதுவும் மறைந்தது. விரலால் ஓரத்தைக் கிளப்பினால் ரப்பர் போல் உரிந்து வந்தது. எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுக்காத சோதனை இது.

பட்டைகளின் விளிம்பைக் கூர்மையாக்கவும் இந்தத் தெளிவு உதவும். 1977இல் பயன்பாட்டுக்கு வந்த மெரினா கோபுரம் முக்கோண வடிவமானது. பகலில் கடலிலிருந்து அடையாளம் காண்பதற்காகச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் பூசப்பட்டது. வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடின் ஒளிவிலகல் எண் மிக அதிகமென்பதால் வெள்ளை அடியில் உள்ளதை நன்றாக மூடும், சிவப்பு நிறமிகள் பல அவ்வளவு மூடா. எனவே கோபுரம் முழுவதையும் முதலில் வெள்ளையாக்கிவிட வேண்டும். அது காய்ந்ததும் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் ஓரத்தில் முதலில் மீடியத்தைத் தடவுங்கள். கேன்வாஸின் இழைமேடுகளுக்கிடையே டேப்புக்கு அடியில் நுண்ணிய சந்துகள் இருக்கும். மீடியம் அவற்றில் புகுந்து, நிறமின்றி உறைந்து அடைத்துவிடும். அதன்மேல் பூசும் சிவப்பு உள்ளே கசிய வழியிராது.

மணிகள் இளகியிருந்தால்தான் ஒன்றாக முடியும். ஓவிய அக்ரிலிக்கை 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பூசினால் படலம் சரியாக அமையாது. ஊட்டியில் மார்கழி இரவில் தீட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சென்னையில் சிக்கல் வேறு: காய்ந்த படலமும் நம் வெயிலில் சற்று இளகியே இருப்பதால், தூசி அதில் பதிந்துகொள்கிறது, முகத்தோடு முகமாக அடுக்கிய ஓவியங்கள் ஒட்டிக்கொள்கின்றன. நீரில் கரையும் அக்ரிலிக் ஓவிய வண்ணங்கள் 1950களின் நடுவில்தான் விற்பனைக்கு வந்தன என்பதால், அவற்றின் முதுமையை நாம் இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். சோப்பைப் போன்ற அந்த மூலக்கூறுகள் காலப்போக்கில் மேற்பரப்புக்கு வருவதையும், அவற்றை எப்படித் துடைப்பது என்பதையும் லண்டன் டேட் அருங்காட்சியகம் ஆராய்ந்திருக்கிறது. வெக்கையும் உப்புக்காற்றும் கலந்த நம் ஊருக்கு அந்த விடைகள் அப்படியே பொருந்திவிடும் என்று நான் நம்பவில்லை. பழைய செப்புத் திருமேனிகளைக் காக்க 1930களிலேயே வேதியியல் ஆய்வுக்கூடம் கண்ட சென்னை அருங்காட்சியகம் உள்ள நகரம் இது. அதே அக்கறையும் நிதியும் இன்றைய ஓவியங்களுக்கும் கிடைக்க வேண்டும்.

வாசகிக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: ஈரக் கலவையைக் காய்ந்த பட்டையோடு ஒப்பிடாதீர்கள். கேன்வாஸ் துண்டு ஒன்றில் கொஞ்சம் பூசி, முழுதாகக் காயவிட்டு, அதைக் கோபுரத்தின் அருகே பிடித்துப் பாருங்கள். நிறம் பொருந்திய பிறகு, ஒட்டுப்போடாமல், பட்டை முழுவதையும் விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே மூச்சில் மறுபடி பூசிவிடுங்கள்.