பத்தாயிரம் காலடிகள் எங்கே போயின?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் மேடும் பள்ளமுமான ஊர். அங்குள்ள பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் நடுவே 42 மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதைச் சுற்றித்தான் மாணவர்களின் நாள் ஓடும். ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்பு, அங்கிருந்து நூலகம், அப்புறம் ஒரு காபி, திரும்ப விடுதி. இதை யாரும் உடற்பயிற்சி என்று நினைப்பதில்லை. ஆனால் மணிக்கட்டில் ஃபிட்பிட் என்ற காலடி எண்ணும் பட்டையைக் கட்டி எண்ணினால் சராசரியாக ஒரு நாளைக்கு 10,000 காலடி வந்தது.

எண்ணியவர்கள் ஒசேயா ஜுன்டெல்லா என்ற பொருளியலாளரும் அவருடைய குழுவினரும். நடை, தூக்கம் போன்ற பழக்கங்களைப் பற்றிய ஆய்வுக்காக 2019 முதலே மாணவர்களை அணி அணியாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்து வளாகம் காலியானபோது ஒரு அணி கையில் பட்டையோடு வீட்டுக்குப் போனது. பேரிடர்களை ஆராய்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காத ஒன்று, பேரிடருக்கு முந்தைய கணக்கு, இங்கே தற்செயலாகக் கையில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய ஆண்டின் அணியும் இருந்தது.

10,000 காலடி 4,600 ஆனது. பிறரோடு கழித்த நேரம் பாதிக்கும் கீழே போய், நாளுக்கு 30 நிமிடம்கூட இல்லை என்றானது. திரை நேரம் இரட்டிப்புக்கும் மேலாகி 5 மணி நேரத்தைத் தாண்டியது. இவையெல்லாம் எதிர்பார்த்தவைதான். தூக்கம் மட்டும் வேறு கதை சொன்னது. இரவுக்கு 25 முதல் 30 நிமிடம் வரை அது கூடியிருந்தது.

அதே வசந்தத்தில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 139 மாணவர்களின் தூக்கத்தைக் கணக்கெடுத்தவர்களும் இதையே கண்டார்கள். வார நாட்களில் அரை மணி நேரம் கூடுதல் தூக்கம், ஆனால் தூங்கும் வேளை 50 நிமிடம் பின்னால் தள்ளிப்போயிருந்தது. இதற்குக் காரணம் வயது. மூளையில் கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே நம் உடல் கடிகாரம் இருக்கிறது. வாழ்நாளிலேயே அது மிகத் தாமதமாக ஓடுவது ஏறக்குறைய 20 வயதில்தான். அந்த வயதுக்காரர்களைத்தான் காலை எட்டு மணி வகுப்புக்கு இழுக்கிறோம்! வாரம் முழுக்கக் கடன்பட்டு, சனி ஞாயிறு தூங்கி அடைக்கிறார்கள். சமூக ஜெட்லாக் என்று இதற்குப் பெயர். வகுப்புக்கு நடந்து போக வேண்டாம் என்று ஆனதும் இந்த இழுபறி குறைந்தது. பிள்ளைகள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று அன்று அலுத்துக்கொண்ட பெற்றோர் கவனிக்க.

சரி, தூக்கம் கூடினால் மனம் தெளிய வேண்டுமே? தெளியவில்லை. மார்ச் முதல் ஜூலை வரை, மனச்சோர்வு அபாயத்தில் இருந்தவர்களின் அளவு 46 முதல் 61 சதவீதம் வரை இருந்தது. இதே மாணவர்களிடம் தொற்றுக்குச் சற்று முன் இருந்ததைவிட இது 90 சதவீதம் வரை அதிகம்.

இந்த ‘அபாயம்’ எப்படி அளக்கப்பட்டது என்பதைப் பார்த்துவிட வேண்டும். 20 கேள்விகள் கொண்ட ஒரு தாள். கடந்த வாரத்தில் பசி இல்லாமல் இருந்ததா, தனிமையாக உணர்ந்தாயா, தூக்கம் கலைந்ததா என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 60-க்கு 16-ஐத் தொட்டால் அபாயம் என்று கணக்கு. இது வடிகட்டும் சல்லடை மட்டுமே. மருத்துவர் நேரில் பார்த்து நோயை உறுதிசெய்வது வேறு. இதில் 13-ஆம் வரி எனக்குப் பிடித்தது: ‘வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினேன்.’ ஊரடங்கில் தனியறையில் இருப்பவர் இதற்கு ‘ஆமாம்’ போடாமல் என்ன செய்வார்? அதனால் 61 என்ற எண்ணை அப்படியே விழுங்கிவிட வேண்டாம். ஆனால் ஒரு வரியால் மட்டும் இவ்வளவு ஏற்றம் வராது.

எந்தப் பழக்கம் முறிந்தவர்கள் அதிகம் துவண்டார்கள் என்று பார்த்தபோது, நடை பெரிதும் குறைந்தவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். அப்படியானால் மருந்து எளிது, நடக்க வைத்தால் போதும். இங்கேதான் பொருளியலாளர்களின் மூளை வேலை செய்தது. மாணவர்களைச் சீட்டுக் குலுக்கியதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை மட்டும் ஊக்கத்தொகை கொடுத்து நடக்க வைத்தார்கள். அவர்களும் நடந்தார்கள், காலடி எண்ணிக்கை ஏறியது. மனச்சோர்வு மதிப்பெண் அசையவில்லை.

எனக்கு இந்த ஆய்விலேயே முக்கியமான இடம் இதுதான். நடை குறைந்ததும் மனம் வாடியதும் ஒன்றாக நடந்தன. ஆனால் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தும் மற்றது திரும்பவில்லை. சில வார நடை போதாமல் போயிருக்கலாம். அல்லது அந்த 10,000 காலடிகளுக்குள் கால்களைத் தவிர வேறு ஏதோ இருந்திருக்கலாம்.

நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். அதற்குத் துணையாக கனடாவிலிருந்து ஒரு பழைய சங்கதி. கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் என்ற உளவியலாளர் டொராண்டோவில் மாணவியாக இருந்தபோது, தினமும் ஒரு ஹாட் டாக் கடையைக் கடந்து போவாராம். கடைக்காரப் பெண்மணிக்கு ஒரு புன்னகை, ஒரு கையசைப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்த அம்மா இல்லாத நாளில் ஏதோ குறைவதாகத் தோன்றியது. நமக்கும் விடுதி வாசல் டீ மாஸ்டர் அப்படித்தானே, பெயர் தெரியாது, ஆனால் நமக்குச் சர்க்கரை கம்மி என்று அவருக்குத் தெரியும்.

இப்படி முகப்பழக்கம் மட்டும் உள்ளவர்களைப் பற்றி சாண்ட்ஸ்ட்ராம் பின்னாளில் ஆராய்ந்தார். அழுத்த அழுத்த ஒன்று கூடும் எண்ணும் கருவிகள் இரண்டை ஆளுக்குக் கொடுத்தார். நெருங்கியவரோடு பேசினால் ஒன்றையும், முகப்பழக்கக்காரரோடு பேசினால் மற்றதையும் அழுத்த வேண்டும். 2014-இல் வெளியான முடிவின்படி, வழக்கத்தைவிட அதிகமான வகுப்புத் தோழர்களோடு பேச்சு நடந்த நாட்களில் மாணவர்கள் கூடுதல் மகிழ்ச்சியாக இருந்தார்கள்.

தொற்று துடைத்தெடுத்தது இந்த வகை மனிதர்களைத்தான். உயிர் நண்பனை வாட்ஸ்அப்பில் பிடித்துவிடலாம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பேனா கடன் கேட்பவனை எதைச் சொல்லி அழைப்பது? வீடியோ வகுப்பில் அவன் ஒரு கறுப்புக் கட்டம், அதில் ஒரு பெயர். பேராசிரியர் ‘நன்றி’ என்றதும் எல்லாக் கட்டங்களும் ஒரே நொடியில் மறையும். ‘அவர் கடைசியாகச் சொன்னது உனக்குப் புரிந்ததா?’ என்று கேட்கும் அந்த இரண்டு நிமிட வராந்தா நடை அதில் கிடையாது.

பிட்ஸ்பர்க்கில் காசு வாங்கிக்கொண்டு நடந்த மாணவருக்கும் அது கிடைக்கவில்லை. ஃபிட்பிட்டில் எண் ஏறியிருக்கும். வழியில் எதிர்ப்பட்டவரோ, முகக்கவசத்தோடு ஆறடி ஒதுங்கிப் போயிருப்பார்.