நீலகிரியில் 35 கிலோ அரிசி யாருக்கு உரிமை: அந்தியோதயா அட்டை விளக்கம்

“ரேஷன் கார்டு இருக்கிறதா?” என்று கேட்டால் நீலகிரியில் பெரும்பாலான வீடுகளில் “இருக்கு” என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது, அது எந்த வகை அட்டை என்பதை. ஸ்மார்ட் கார்டின் முகப்பில் ‘பிஹெச்ஹெச்’ (முன்னுரிமைக் குடும்பம்), ‘என்பிஹெச்ஹெச்’ (முன்னுரிமை இல்லாத குடும்பம்) போன்ற ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். ‘பிஹெச்ஹெச் - ஏஏஒய்’ என்று இருந்தால் அது மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டை. வீட்டில் ஒருவர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் மாதம் 35 கிலோ அரிசி, விலை இல்லாமல். மூன்று பெரியவர்கள் உள்ள மற்ற அரிசி அட்டைக்கு 20 கிலோதான். மாதம் 15 கிலோ வித்தியாசம் என்றால் வருடத்துக்கு 180 கிலோ.

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடியினர் என்று பட்டியலிடப்பட்ட ஆறு சமூகங்களும் நீலகிரியில் வாழ்கின்றன: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். இத்தகைய பழங்குடிக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் அந்தியோதயா அட்டை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003 மே 2 அன்று உத்தரவிட்டது. இதில் வருமானக் கணக்கு பார்க்க வேண்டியதில்லை, சமூகமே தகுதி. படுகர்களுக்கும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி எஸ்டேட்டுகளில் வேலை செய்வோருக்கும் இந்தத் தானியங்கித் தகுதி கிடையாது. ஆனால் ஆதரவில்லாத விதவைகள், 60 வயது கடந்தோர், மாற்றுத்திறனாளிகள், தீரா நோயாளிகள் தலைமையிலான ஏழைக் குடும்பங்கள் எந்தச் சமூகமானாலும் கேட்கலாம்.

உரிமை கைநழுவுவது பெரும்பாலும் கல்யாணத்துக்குப் பிறகுதான். மகன் தனிக்குடித்தனம் போகிறான். பெற்றோர் அட்டையிலிருந்து பெயரை நீக்கிப் புதிய அட்டைக்கு மனுப் போடுகிறார்கள். அந்தியோதயா பெற்றோரின் அட்டையோடு நின்றுவிடுகிறது. புதிய அட்டை சாதாரண வகையில் வந்து சேர்கிறது. கிடைத்ததே பெரிது என்று யாரும் வகையைப் பார்ப்பதில்லை. மனுப் போடும்போதே பழங்குடிச் சாதிச் சான்றின் நகலை இணைத்து, ‘அந்தியோதயா வகையில் வழங்கவும்’ என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். பழங்குடிச் சான்று தருபவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். உதகை, குன்னூர், கூடலூர் என மூன்று கோட்டங்கள். பந்தலூர் பக்கத்துக் கிராமங்களுக்குக் கூடலூர். சான்று தாமதமானால் எல்லாம் தாமதம், ஆகவே அதை முதலில் வாங்குங்கள். தனிச் சமையல் நடக்கிறதா என்று பார்க்க ஆள் வருவார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்தால் தனி அடுப்பைக் காட்ட வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே சாதாரண அட்டை இருந்தால் வகை மாற்ற மனுவை வட்ட வழங்கல் அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். “கோட்டா முடிந்துவிட்டது” என்பது வழக்கமாகக் கேட்கும் பதில். அந்தியோதயா அட்டைகளுக்கு மாநில அளவில் எண்ணிக்கை வரம்பு இருப்பது உண்மைதான். ஆனால் இறப்பாலும் நீக்கத்தாலும் இடம் காலியாகிக்கொண்டே இருக்கும். மறுப்பதென்றால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். அந்தத் தாள் இல்லாமல் மேல்முறையீட்டில் பேச ஒன்றும் இருக்காது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாமிலும், அடுத்து மாவட்ட வழங்கல் அலுவலரிடமும், அதற்கும் மேல் மாநில உணவு ஆணையத்திலும் முறையிடலாம். போனில் 1967.

கடையில் வரும் சிக்கல் வேறு. கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலில் ரேகை பதியாது. மழையும் மூடுபனியுமான நாளில் சிக்னல் போய்விடும். ரேகை பதியவில்லை என்பதற்காக அரிசியை மறுக்கக் கூடாது. அட்டையில் பெயருள்ள வேறு யாரும் ரேகை வைக்கலாம். கருவிழிக் கருவி உள்ள கடையில் அதைக் கேளுங்கள். நடமாட முடியாதவர் தன் சார்பில் வாங்க ஒருவரை நியமித்து வட்ட வழங்கல் அலுவலரின் ஒப்புதல் பெறலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே பொருள் வர வேண்டும். ஊட்டி டீ பாக்கெட் வாங்கினால்தான் அரிசி என்று சொல்ல எந்தக் கடைக்கும் உரிமை இல்லை.

பொருள் வாங்கியதும் பதிவு செய்த செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும். பல வீடுகளில் அந்த எண் பழையது, அல்லது வேறு யாருடையதோ. எண்ணை முதலில் மாற்றுங்கள். வாங்காத பொருள் வாங்கியதாகப் பதிவாவது அப்போதுதான் தெரியவரும்.

சமூகப் பாதுகாப்புத் திட்டங்களை ஆராய இந்த மலைக்கு வரும் ஆய்வாளர்களின் வினாத்தாளில் “அட்டை உண்டா, இல்லையா” என்ற கட்டம் மட்டும் இருந்தால் மேலே சொன்ன இழப்பு எதுவும் பதிவாகாது. அட்டையை வாங்கி வகையைக் குறியுங்கள். சட்டப்படி எத்தனை கிலோ, குறுஞ்செய்தியில் எத்தனை கிலோ, வீட்டுக்கு வந்தது எத்தனை கிலோ என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதல் இரண்டுக்கும் இடைவெளி என்றால் வகையிலோ ஒதுக்கீட்டிலோ கோளாறு. பின்னிரண்டுக்கும் இடைவெளி என்றால் கடையில். அட்டையே இல்லாத வீடுகள் ரேஷன் பட்டியலிலிருந்து மாதிரி எடுத்தால் சிக்காது. பாடி பாடியாக, அதாவது ஒவ்வொரு பழங்குடிக் குடியிருப்பாக, நடந்துதான் எண்ண வேண்டும்.